கோழிக்கும் பன்றிக்கும் ஊசி கண்டவர் – லூயி பாஸ்டர்



இந்த முறை சுவர் இதழில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். நான் லூயி பாஸ்டரை எடுத்துக்கொண்டேன். லூயி பாஸ்டர் என்றதும் எல்லோரும் வெறிநாய்க்கடி ஊசி என்பீர்கள். இன்னும் சில பேர் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை என்பீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் அவர் முதலில் கோழிக்கும், அப்புறம் ஆட்டுக்கும், அப்புறம் பன்றிக்கும் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டுத்தான் மனிதனிடம் வந்தார். இது நிறைய பேருக்குத் தெரியாது.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் பன்னிக்குட்டிகள் இருமி இருமிச் சாகின்றன. அந்த நோய்க்கும் பாஸ்டருக்கும் ஒரு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரைக்கும் பொறுமையாகப் படியுங்கள்.

பிறப்பும் இளமையும்

லூயி பாஸ்டர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் தேதி பிரான்சு நாட்டில் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ழான் ழோசப் பாஸ்டர். நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்தவர். படையிலிருந்து வந்த பிறகு தோல் பதனிடும் தொழில் செய்தார். தோல் ஊறப்போடும் இடம் எப்படி நாறும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில்தான் இவ்வளவு பெரிய விஞ்ஞானி வளர்ந்தார். பிறகு குடும்பம் ஆர்புவா என்ற சின்ன ஊருக்குக் குடி போனது.

சின்ன வயதில் பாஸ்டர் முதல் மார்க் எடுக்கிற பையன் இல்லை. சுமாராகத்தான் படிப்பார். படம் நன்றாக வரைவார். அம்மாவையும் அப்பாவையும் வண்ணக் குச்சியால் அவர் வரைந்த படங்கள் பத்திரமாக வைக்கப்பட்டன. 1838 இல் படிக்கிறதுக்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வீட்டு நினைப்பு தாங்காமல் சில வாரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். விடுதியில் தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இது புரியும். அப்புறம் மறுபடியும் முயற்சி செய்து 1843 இல் பாரிசில் பெரிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முந்தின தேர்வு ஒன்றில் வேதியியலில் அவருக்குக் கிடைத்தது சுமாரான மதிப்பெண்தான். பின்னாளில் அவர் வேதியியல் பேராசிரியர் ஆனார்!

அவருக்கு 8 வயது இருக்கும்போது, 1831 இல், ஆர்புவா பக்கம் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பல பேரைக் கடித்தது. அந்தக் காலத்தில் அதுக்கு மருந்து கிடையாது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப் போய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கடிவாயில் சூடு போட்டார்கள். அப்படியும் பல பேர் செத்துப் போனார்கள்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்

1849 இல் பாஸ்டர் மரி லோரான் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல மரி அம்மையார்தான் ராத்திரியில் எழுதிக் கொடுப்பார். அவர்களுக்கு 5 பிள்ளைகள். அதில் 3 பெண் பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். மூத்தவள் ழான் 1859 இலும், செசில் 1866 இலும் டைபாய்டு காய்ச்சலில் போனார்கள். குழந்தை கமில் 1865 இல் போனாள். கிருமியைப் பற்றிப் படித்தவர் வீட்டிலேயே கிருமி வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது. ஆனாலும் அவர் வேலையை விடவில்லை.

லீல் என்ற நகரத்தில் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சும் ஒருவர், தன் ஆலையில் சரக்கு கெட்டுப் போகிறது என்று 1856 இல் வந்து கேட்டார். பாஸ்டர் நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு ஆலைக்கே போனார். நல்ல ஊறலில் ஒருவிதமான உருண்டை உயிர்களும், கெட்டதில் வேறு மாதிரி நீட்டு உயிர்களும் இருந்தன. புளிப்பதும் கெடுவதும் இந்தச் சின்ன உயிர்களின் வேலை என்று சொன்னார். நம்ம வீட்டில் மாவு புளிப்பதும், பால் தயிராவதும் இதே மாதிரி விஷயம்தான்.

அழுகின பொருளிலிருந்து உயிர் தானாகவே முளைக்கும் என்று அப்போது பல பேர் நம்பினார்கள். பாஸ்டர் அன்னப்பறவையின் கழுத்து மாதிரி வளைந்த குடுவை செய்தார். அதில் சூப்பைக் கொதிக்க வைத்து அப்படியே விட்டார். காற்று உள்ளே போனது. தூசி வளைவில் தங்கிவிட்டது. சூப்பு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டது. கிருமி வெளியிலிருந்துதான் வருகிறது என்பது நிரூபணம் ஆனது. இதற்காக 1862 இல் அவருக்குப் பிரெஞ்சு அறிவியல் அகாடமி பரிசு கொடுத்தது.

பிறகு திராட்சை மது கெடாமல் இருக்க, கொதிக்க விடாமல் அளவாகச் சூடு பண்ணும் முறையைக் கண்டுபிடித்தார். அதுதான் பின்னால் பாலுக்கும் வந்தது. நம்ம பாண்லே பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பாஸ்டரைஸ்டு என்று அவர் பெயர் அதில் இருக்கும். தினமும் காலையில் அவர் பெயர் நம்ம வீட்டுக்கு வருகிறது!

பட்டுப்புழுவும் பக்கவாதமும்

1865 இல் பிரான்சின் தெற்குப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பெரிய கஷ்டத்தில் இருந்தார்கள். புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பாஸ்டருக்குப் பட்டுப்புழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அலெஸ் என்ற ஊருக்குப் போய், வருடா வருடம் தங்கி வேலை பார்த்தார். முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நோய் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும், நோயில்லாத பூச்சியின் முட்டையை மட்டும் வளர்க்க வேண்டும் என்று வழி சொன்னார். நோய் வந்த பிறகு ஓடாதே, வருவதற்கு முன்னாலேயே பார் என்பதுதான் அந்த வழி.

இந்த வேலை நடக்கும்போதே, 1868 இல், 45 வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் இழுத்துக்கொண்டன. பிழைப்பாரா என்று எல்லோரும் பயந்தார்கள். பிழைத்தார். ஆனால் சாகும்வரை இடது பக்கம் பழையபடி சரியாகவில்லை. கோழி, ஆடு, பன்றி, நாய் ஊசி எல்லாம் இதற்கு அப்புறம் செய்தவைதான்.

முதலில் கோழி

நம்ம வீடுகளில் கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் வேறு. கோழிக் காலரா வேறு. கோழிக் காலராவில் கோழி இறகை உப்பிக்கொண்டு தூங்கி விழும். ஒரே நாளில் பொட்டென்று சாகும். துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவ ஆசிரியர் தூசேன் இந்த நோயின் கிருமியைப் பாஸ்டருக்கு அனுப்பி வைத்தார். பாஸ்டர் அதைக் கோழிச் சூப்பில் வளர்த்தார்.

புதிதாக வளர்த்த கிருமியைப் போட்டால் கோழி செத்தது. பல நாள் வைத்திருந்த பழைய கிருமியைப் போட்டால் கோழி கொஞ்சம் சோர்ந்து, பிறகு எழுந்தது. அதே கோழிக்குப் பிறகு புதிய கிருமியைப் போட்டாலும் சாகவில்லை! இதை 1880 இல் வெளியிட்டார். விடுமுறைக்குப் போனபோது மறந்து வைத்த கிருமியால் தற்செயலாக நடந்தது என்று கதையாகச் சொல்வார்கள். அவருடைய ஆய்வுக்கூட நோட்டுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அவரும் உதவியாளர் எமில் ரூவும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்த வேலை அது என்கிறார்கள்.

அதற்கு முன்னால் 1796 இல் எட்வர்டு ஜென்னர், மாட்டு அம்மையை வைத்துப் பெரியம்மையைத் தடுத்தார். அது இயற்கையிலேயே கிடைத்த சாதுவான கிருமி. பாஸ்டர் செய்தது வேறு. கொடிய கிருமியைப் பிடித்து ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சாதுவாக்கினார். ஊரில் முரட்டு மாட்டைப் பழக்குவது மாதிரி. அப்படிப் பழக்கிய முதல் கிருமி இந்தக் கோழிக் காலராக் கிருமிதான். இதன் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்டுரெல்லா. பாஸ்டரின் நினைவாக 1887 இல் வைத்த பெயர் அது.

பிறகு ஆடு

அடைப்பான் நோய் ஆடு மாடுகளைக் கொல்வது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பாஸ்டர் இதற்கும் தடுப்பூசி செய்தார். பல பேர் நம்பவில்லை. எல்லோர் கண் முன்னாலும் செய்து காட்டச் சொன்னார்கள். 1881 ஆம் ஆண்டு மே 5 ஆம் தேதி, புய்யி-லெ-ஃபோர் என்ற கிராமத்துப் பண்ணையில் 25 ஆடுகளுக்கு ஊசி போட்டார்கள். 25 ஆடுகளுக்குப் போடவில்லை. மே 17 இல் இரண்டாவது ஊசி. மே 31 இல் 50 ஆடுகளுக்கும் கொடிய கிருமியைச் செலுத்தினார்கள். ஜூன் 2 ஆம் தேதி ஊரே கூடி வந்து பார்த்தது. ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. போடாத ஆடுகள் செத்துக் கிடந்தன, அல்லது சாகும் நிலையில் கிடந்தன.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் போட்ட ஊசியை உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனம் சேர்த்துத் தயாரித்திருந்தார். அதே மாதிரி யோசனை முதலில் தூசேனுக்கு வந்தது. பாஸ்டர் அந்த நேரத்தில் இதை வெளியே தெளிவாகச் சொல்லவில்லை. பின்னாளில் அவருடைய நோட்டுகளைப் படித்தவர்கள் இதை உறுதி செய்தார்கள். பெரிய மனிதர்களுக்கும் குறை உண்டு. ஊசி வேலை செய்தது என்பதும் உண்மை.

பன்றிக் கொட்டிலுக்குப் போன பேராசிரியர்

அப்போது பிரான்சில் பன்றிகளுக்கு ஒரு நோய் பரவிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வரும். தோலில் சிவப்புத் திட்டுகள் வரும். மூட்டு வீங்கும். பல பன்றிகள் திடீரென்று செத்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் அதைச் சிவப்பு நோய் என்று பொருள்படும் பெயரால் சொன்னார்கள். ஏழைக் குடும்பங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பன்றி வளர்த்துத்தான் பிழைத்தன. பன்றி போனால் அந்த வருடம் வீட்டில் இறைச்சியும் இல்லை, காசும் இல்லை.

பாஸ்டரின் உதவியாளர் லூயி துய்லியே. வயது 25. 1882 இல் இவர்தான் கிராமத்துக்குப் போய், செத்த பன்றிகளைச் சோதித்து, இந்த நோயின் கிருமியைப் பார்த்தவர். அதே வருடம் நவம்பரில் பாஸ்டரே போலென் என்ற ஊருக்குப் போனார். துய்லியேயும், பாஸ்டரின் உறவுக்காரப் பையன் அத்ரியன் லுவாரும் கூடப் போனார்கள். அந்த ஊர்க் கால்நடை மருத்துவர் வீட்டில் தங்கினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது பாஸ்டருக்கு 60 வயது ஆகப் போகிறது. நாடு முழுக்கப் பெயர் தெரிந்தவர். ஒரு கையும் காலும் சரியாக வராது. அவர் பாரிசில் உட்கார்ந்துகொண்டு ஆளை அனுப்பியிருக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் பன்றிக் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கினார். அவர் பன்றியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

இந்தக் கிருமியைச் சாதுவாக்க அவர்கள் கண்ட வழி ஆச்சரியமானது. பன்றியின் கிருமியை ஒரு முயலுக்குச் செலுத்தினார்கள். அந்த முயலிலிருந்து இன்னொரு முயலுக்கு. அதிலிருந்து இன்னொன்றுக்கு. இப்படிப் போகப் போக அந்தக் கிருமி முயலுக்கு ரொம்பக் கொடியதாக ஆனது. ஆனால் பன்றிக்குச் சாதுவாகிவிட்டது! முயல் உடம்புக்குப் பழகப் பழக, பன்றியைக் கொல்வதை அது மறந்துவிட்டது மாதிரி. புறாக்களில் செலுத்திப் பார்த்தபோது நேர் எதிராக, பன்றிக்கு இன்னும் கொடியதாக ஆனது. அதனால் முயல் வழியையே எடுத்துக்கொண்டார்கள். எல்லா ரகப் பன்றிக்கும் ஊசி ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனித்தார்கள்.

துய்லியேயின் மரணம்

1883 இல் எகிப்து நாட்டில் காலரா பரவியது. மனிதர்களுக்கு வரும் காலரா. அதன் கிருமியைக் கண்டுபிடிக்கப் பாஸ்டர் தன் ஆட்களை அலெக்சாந்திரியா நகரத்துக்கு அனுப்பினார். அதில் துய்லியேயும் ஒருவர். அங்கே அவருக்கே காலரா வந்து, செப்டம்பர் 19 ஆம் தேதி இறந்துபோனார். அப்போது வயது 27 தான். ஜெர்மனியிலிருந்து போட்டிக் குழுவாக வந்திருந்த ராபர்ட் கோக்கும் அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்து மரியாதை செய்தார்.

பன்றித் தடுப்பூசி பற்றிய கட்டுரை அதே வருடம் நவம்பர் மாதம் வெளிவந்தது. பாஸ்டர், துய்லியே என்று இரண்டு பெயரும் அதில் இருந்தது. துய்லியே அதைப் பார்க்க உயிரோடு இல்லை. நம்ம பாடப் புத்தகத்தில் இந்த அண்ணன் பெயரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வெறிநாய்க்கடி

இதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1885 ஜூலை 6 ஆம் தேதி ழோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை அவன் அம்மா பாரிசுக்கு அழைத்து வந்தார். வெறிநாய் அவனைப் பல இடத்தில் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் இல்லை. அதனால் மருத்துவர் ஒருவர் ஊசி போட்டார். 10 நாளில் 13 ஊசி. பையன் பிழைத்தான். முயல் வழியாகக் கிருமியைக் கடத்தும் வேலை இங்கேயும் கை கொடுத்தது. வெறிநோய்க் கிருமியை முயலில் வளர்த்து, அந்த முயலின் தண்டுவடத்தைக் காய வைத்துத்தான் இந்த மருந்தைச் செய்தார்கள். ஆர்புவாவில் கொல்லன் பட்டறையில் சூடு போட்ட காலம் முடிந்தது.

1888 இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். பல நாட்டு மக்கள் கொடுத்த நன்கொடையில் கட்டியது. 1895 செப்டம்பர் 28 ஆம் தேதி, 72 வயதில் பாஸ்டர் காலமானார். அதனால்தான் செப்டம்பர் 28 ஆம் தேதி உலக வெறிநோய் நாள் என்று கொண்டாடப்படுகிறது.

அவர் வாழ்ந்த காலத்தில் நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்த ஹாஃப்கின் என்பவர் 1893 இல் இந்தியாவுக்கு வந்து காலரா ஊசி போட்டார். 1897 இல் பம்பாயில் பிளேக் ஊசியைத் தனக்கே போட்டுப் பார்த்தார். நீலகிரியில் குன்னூரில் 1907 இல் பாஸ்டர் நிலையம் வந்தது. வேலூர்ப் பக்கம் ராணிப்பேட்டையில் 1932 இல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் வந்தது.

இப்போது நம்ம ஊர்ப் பன்னிக்குட்டி

ஆரம்பத்தில் ஒரு தொடர்பு சொல்கிறேன் என்றேன் அல்லவா? பாஸ்டர் கோழியில் பழக்கிய அதே பாஸ்டுரெல்லாக் கிருமிதான் மாட்டுக்கும் எருமைக்கும் தொண்டை அடைப்பான் கொடுக்கிறது. பன்றியின் நுரையீரலிலும் போய் உட்கார்ந்து நிமோனியா உண்டாக்குகிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு வேறு வகை. ஆனால் கிருமி ஒரே இனம்.

நல்ல பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இந்தக் கிருமி சும்மா இருக்கும். மூச்சுக் குழாயில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் அவை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நம்ம வாசல் பெருக்குவது மாதிரி. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியோ வைரசோ முதலில் வந்து இந்த மயிர்களைக் கெடுத்துவிடும். பெருக்க ஆள் இல்லாத வீட்டில் பாஸ்டுரெல்லா உள்ளே இறங்கிவிடும். கொட்டில் ஈரமாக இருந்தாலும், மூத்திர நெடி கண்ணை எரித்தாலும், நெருக்கி அடைத்தாலும், வண்டியில் ஏற்றி அலைக்கழித்தாலும் இது சுலபமாக நடக்கும். குட்டிக்குக் காய்ச்சல் வரும், இருமும், வயிறு உள்ளே வெளியே போய் மூச்சு வாங்கும், பால் குடிக்காது.

எங்க தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். ஒரு பெண் பன்னி வைத்திருக்கிறார். போன மழையில் 9 குட்டி போட்டது. அதில் 5 குட்டி இருமிச் செத்துப் போனது. குட்டி விற்ற காசில்தான் பேத்திக்குப் பள்ளிக்கூடப் பையும் செருப்பும் வாங்குவதாக இருந்தார். முன்னாடியே ஊசி போட்டிருக்கலாமே ஆயா என்று நான் கேட்டேன். பன்னிக்குப் போய் ஊசி போடச் சொன்னால் ஊரே சிரிக்கும் என்று ஆயா சொன்னார். எனக்கு அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. மாட்டுக்கு ஊசி போட்டால் யாரும் சிரிப்பதில்லையே!

பன்றிக்கு எப்படிப்பட்ட ஊசிகள் உண்டு என்று படித்துப் பார்த்தேன். பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி உண்டு. நம் நாட்டில் பல வருடம் அந்த ஊசியையும் முயலில்தான் வளர்த்தார்கள். பாஸ்டரும் துய்லியேயும் போன அதே முயல் வழி! முயலைக் கொல்லாமல், செல்களில் வளர்க்கும் புதிய ஊசியை உத்தரப் பிரதேசத்தில் இஸாத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் கொண்டுவந்தது 2020 இல். தொண்டை அடைப்பான் ஊசியை மழைக்காலத்துக்கு முன்னால் மாடுகளுக்குப் போடுவது போலப் பன்றிக்கும் போடுவது உண்டு. பெரிய பண்ணைகளில் மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிராகக் குட்டிகளுக்குச் சில வார வயதிலேயே போடுகிறார்கள். எல்லா நோய்க்கும் ஊசி உண்டு என்று நினைக்கக் கூடாது. 2020 இல் அசாமுக்கு வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு அப்போது நம் நாட்டில் போட ஊசி இல்லாமல் நிறைய பன்றிகள் செத்தன.

பன்னி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை:

1. குட்டி பிறந்ததும் முதல் சில மணி நேரத்தில் சீம்பால் குடிக்க வேண்டும். தாயின் எதிர்ப்புச் சக்தி அதில்தான் வருகிறது.

2. அந்தத் தாய்ச் சக்தி குட்டி உடம்பில் நிறைய இருக்கும்போது ஊசி போட்டால், சில ஊசிகளின் மருந்தை அதுவே அழித்துவிடும். ரொம்பத் தாமதித்தால் அந்தச் சக்தி தீர்ந்து நோய் வந்துவிடும். அதனால் எந்த ஊசி எந்த வயதில் என்று கால்நடை மருத்துவர் சொல்கிறபடி செய்ய வேண்டும்.

3. ஊசி நோயைத் தடுக்கும். ஏற்கெனவே இருமுகிற குட்டியை அது குணப்படுத்தாது. அதுக்கு வேறு மருந்து. இருமுகிற குட்டியைத் தனியாகக் கட்ட வேண்டும்.

4. தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில்தான் கொண்டு வர வேண்டும். வெயிலில் வைத்தால் வீணாகிவிடும்.

5. இரண்டாவது தவணை சொன்னால் மறக்காமல் போட வேண்டும். பாஸ்டர் ஆடுகளுக்கும் இரண்டு தடவை போட்டார் என்பது நினைவிருக்கட்டும்.

6. ஊசி போட்டாலும் கொட்டில் காய்ந்திருக்க வேண்டும். காற்று வர வேண்டும். சாரல் அடிக்கக் கூடாது.

யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையமும் இருக்கிறது. 

உங்களுக்குத் தெரியுமா?

* மாட்டுக்கு லத்தீன் மொழியில் உள்ள சொல்லிலிருந்துதான் வாக்சின் என்ற சொல் வந்தது. ஜென்னரின் நினைவாக எல்லாத் தடுப்பு மருந்துக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம் என்று 1881 இல் லண்டனில் சொன்னவர் பாஸ்டர்.

* ழோசப் மைஸ்டர் பெரியவனானதும் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தார்.

* பாஸ்டரின் உடல் அவர் பெயரில் உள்ள நிலையத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

நான் நினைப்பது

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாஸ்டர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். பட்டுப்புழு, கோழி, ஆடு, பன்றி, மனிதன் என்று அவர் தரம் பிரித்துப் பார்க்கவில்லை. எது செத்தால் ஒரு வீட்டில் அடுப்பு அணையுமோ அதைப் பார்த்தார்.

பன்னி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளைச் சில பேர் கேலி செய்வது உண்டு. கிட்ட உட்கார மாட்டார்கள். பட்டப் பெயர் வைப்பார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உங்களை நாய் கடித்தால் போடப் போகிற ஊசியைக் கண்டுபிடித்தவர், அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் பன்றிக் கொட்டிலில் நின்றுகொண்டிருந்தார். அங்கே அவரோடு நின்ற துய்லியே 27 வயதில் செத்தே போனார். அதைக் கேட்ட பிறகும் கேலி செய்ய மனசு வருமா?

அடுத்த மழைக்கு முன்னால் ஆயாவின் பன்னிக்கும் குட்டிகளுக்கும் ஊசி பற்றிக் கேட்க, ஆயாவோடு மருந்தகத்துக்கு நானும் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தெருவில் இப்படி யாராவது இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

 தாளைக் கிழிக்காதீர்கள், மற்றவர்களும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
காட்டேரிக்குப்பம்.